மேற்குத் திட்டின் பொய்ப்பறவைகள்

காலையில் பனி விலகியபோது, பாறைத் திட்டில் வரிசையாக நிற்கும் பொய்ப்பறவைகளில் ஒன்று மட்டும் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றது.

அவள் குட்டைக் கரையில் நின்று அதையே கொஞ்ச நேரம் பார்த்தாள். மற்றவை எப்போதும்போல வெளியே, ஆகாயத்தைப் பார்த்து நின்றன. கறுப்பு உடம்பு, அரிவாள் போல வளைந்த மூக்கு, மயிர் இல்லாத சிவப்பு மண்டை. இது மட்டும் வகுப்பில் தண்டனை வாங்கிய பிள்ளை மாதிரி முகத்தைப் பாறைக்குக் கொடுத்துவிட்டு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தது.

காற்று திருப்பியிருக்கும் என்று நினைக்கலாம். ஆனால் ஒவ்வொரு பொய்ப்பறவையும் பாறையில் இறக்கிய இரும்புக் கம்பியில் போல்ட் போட்டு முறுக்கியது. முறுக்கியதே அவள்தான். ஸ்பேனரை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினாள். போல்ட் இறுகித்தான் இருந்தது. தளர்த்தி, பறவையைத் திருப்பி, மறுபடி முறுக்கினாள். விரல்களில் வெள்ளையாக ஏதோ ஒட்டியது. மாவு போல மெல்லிய கல்தூள். இங்கே கல் உடைத்து வருஷங்கள் ஆகின்றன. சட்டையில் துடைத்துக்கொண்டு இறங்கிவிட்டாள்.

இந்த இடம் கல்குவாரியாக இருந்தது. மலையின் வயிற்றைத் தோண்டித் தின்று முடித்ததும் கம்பெனி கிளம்பிப் போயிற்று. மிஞ்சிய குழியை ஓர் அறக்கட்டளை எடுத்து, அங்கே மறுபடி உயிர்களைக் குடிவைக்கப் பார்த்தது. அடியில் தேங்கிய தண்ணீரைச் சுற்றிக் கரையைச் சரித்து நாணல் நட்டார்கள். தேரைகள் ஒளிந்துகொள்ளக் கற்குவியல் போட்டார்கள். தேரை வந்தது, தும்பி வந்தது, நாணலுக்குள் குருவிகூட வந்தது. யாருக்காக இத்தனையும் செய்தார்களோ அது மட்டும் வரவில்லை.

பாறை அரிவாள்மூக்கன். எண்ணிவிடும் அளவுக்கே மிஞ்சிய பறவை. முன்பு இந்தச் செங்குத்துச் சுவரில்தான் கூடு கட்டியது. தன் இனம் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் இடத்தில்தான் அதுவும் உட்காரும். அதற்காகத்தான் ஃபைபரில் செய்து கறுப்பு அடித்த பொய்ப்பறவைகள். அதற்காகத்தான் காலையிலும் அந்தியிலும் திட்டின் ஒலிபெருக்கியில் பழைய பதிவிலிருந்து அதன் குரலைப் போடுவதும். கூப்பிட்டால் வரும், தன்னைப் போன்றவை இருக்கிற இடத்துக்கு வரும் என்பார் பறவை சார். திட்டத்துக்குப் பொறுப்பு அவர். அவருக்குக் கீழே காவல், செடிக்குத் தண்ணீர், போல்ட், ஒலிபெருக்கி எல்லாம் அவள்தான்.

இந்தப் பருவத்திலும் ஒரு ஜோடிகூட வந்து தங்காவிட்டால் குழியை நகராட்சிக்குக் கொடுத்துவிடுவார்கள். நகராட்சிக்குக் குப்பை கொட்ட ஒரு குழி வேண்டும்.

அந்தக் குழிக்குள் அவளுடைய அண்ணன் இருந்தான்.

சில மழைக்காலங்களுக்கு முன், வெடி வைத்த ஒரு பிற்பகலில், மேற்குச் சுவர் மொத்தமாகச் சரிந்தது. அண்ணனும் அவனோடு நின்ற நான்கு பேரும் அதற்குள் போனார்கள். வெடியின்போது ஆட்கள் ஒதுங்குவதற்காகச் சுவரின் அடியில் குடைந்த ஒரு பொந்து உண்டு. அதற்குள் ஓடியிருப்பார்களோ என்று பொக்லைன் ஓட்டுகிறவர் கேட்டார். நேரம் இருந்திருக்காது என்றார்கள். தோண்டினால் மிச்சச் சுவரும் விழும் என்று மறுநாளே தேடலை நிறுத்தி, மேலே மண்ணைப் போட்டு மூடினார்கள். அந்த மண்மேட்டுக்கு மேல் நீட்டிக்கொண்டிருப்பதுதான் திட்டு. ஓர் அதிகாரி வீட்டு வாசலில் நின்றபடியே, ஒரு நொடிதான், வலி தெரிந்திருக்காது என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் அண்ணி இன்னும் எழுந்து நடமாடிக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு அப்படிப் பிடித்துக்கொள்ள ஒன்றும் தேவைப்படவில்லை. மரத்துப்போன காலை யாரோ கிள்ளுவது போல இருந்தது எல்லாம். கிள்ளுகிறார்கள் என்று தெரியும். அவ்வளவுதான்.

பொக்லைன் ஓட்டுகிறவரை எல்லாரும் கூலிங்கிளாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். மழை பெய்தாலும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாதவர். அண்ணனுடைய கூட்டாளி. அப்போது கல்லுக்காகத் தோண்டினார், இப்போது தேரைக்காகத் தோண்டுகிறார். திரும்பி நின்ற பறவையைப் பற்றி அவரிடம் சொன்னாள்.

“மொட்டையனுக்கு வெறுத்துப் போயிருக்கும், பாப்பா. எத்தனை நாளைக்குத்தான் ஒருத்தரும் வராத வாசலையே பாத்துக்கிட்டு நிப்பான்?”

“போல்ட் லூஸாகல, மாமா.”

“அப்ப நீதான் தூக்கத்துல நடந்து வந்து திருப்புற” என்றார். சிரித்துவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டார்.

அடுத்த நாள் மூன்று திரும்பியிருந்தன. அவள் மூன்றையும் சரிசெய்தாள். அதற்கடுத்த நாள் பாதி வரிசை. ஏணியில் ஏறும்போதே அந்த வாசனை வந்தது. ஈரமான கல்தூளும் வியர்வையும் வெடிமருந்தின் கசப்பும் கலந்த வாசனை. அண்ணனின் வேலைச் சட்டையை ஊறவைக்கும் வாளியில் எழும் வாசனை அது. அவள் அதை அடையாளம் கண்டுகொண்டாள். ஒன்றும் தோன்றவில்லை. போல்டுகளைத் தளர்த்தி முறுக்கினாள்.

வாரக் கடைசியில் எல்லாப் பறவைகளும் சுவரைப் பார்த்து நின்றன. அலகுகள் பாறையைத் தொட்டுக்கொண்டிருந்தன. மண்டைகள் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தன, கதவின் மேல் காதை வைத்துக் கேட்கிறவர்களைப் போல. ஃபைபர் மண்டை சாயாது. அவள் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டாள். அன்று கூலிங்கிளாஸ் நெடுநேரம் கரையில் நின்று பார்த்தார். கிண்டல் எதுவும் செய்யவில்லை. குட்டையின் இந்தப் பக்கத்து வேலை முடிந்துவிட்டது என்று சொல்லி, வண்டியை அந்தப் பக்கமாகக் கொண்டுபோய் நிறுத்தினார்.

இதெல்லாம் கார்டு மாற்றிய பிறகுதான் தொடங்கியது என்பது அவளுக்கு அப்போது தோன்றவில்லை. பறவை சார் வெளியூர் போயிருந்த சமயத்தில் ஒலிபெருக்கியின் மெமரி கார்டு ஈரத்தில் கெட்டுப்போனது. குரல் இல்லாமல் ஓர் அந்திகூடப் போகக் கூடாது என்பது அவர் கட்டளை. அலுவலகமாக வைத்திருந்த கன்டெய்னர் அறையில், அவருடைய மேசை இழுப்பறையில் இரண்டு கார்டுகள் கிடைத்தன. ஒன்றின் மேல் அவர் கையெழுத்தில் ‘நகல்’, இன்னொன்றின் மேல் ‘அசல்’. எதிலும் அசல்தானே மேல் என்று அதைப் போட்டாள். கரையிலிருந்து கேட்க இரண்டும் ஒன்றுதான். தொண்டையில் சளி கட்டியவர் யாரையோ கூப்பிடுவது போன்ற கரகரப்பு. ஒலி போகும் நேரத்தில் திட்டின் பக்கம் யாரும் போகக் கூடாது என்பது இன்னொரு கட்டளை. அதனால் பக்கத்தில் நின்று அவள் கேட்டதில்லை.

அன்று மாலை ஒலிபெருக்கியின் சோலார் பலகையில் தூள் படிந்திருந்ததால் துடைக்க ஏறினாள். தானாக ஓடத் தொடங்கும் நேரம் இன்னும் ஆகவில்லை. அப்படித்தான் நினைத்திருந்தாள். வெயில் எதிர்ச் சுவரின் உச்சிக்கு ஏறியிருந்தது, கீழே குட்டைத் தண்ணீர் கறுத்துக் கெட்டிப்பட்டது போலக் கிடந்தது, தேரைகள் ஒவ்வொன்றாகக் கத்தத் தொடங்கிப் பிறகு எல்லாம் ஒரே நேரத்தில் நிறுத்திக்கொண்டன, அவள் கையிலிருந்த ஈரத்துணியிலிருந்து சொட்டுச் சொட்டாக வெள்ளை நீர் பாறையில் விழுந்துகொண்டிருந்தது, அப்போது காதுக்குப் பக்கத்தில் அந்தக் கரகரப்பு எழுந்தது. அவள் அசையவில்லை. பறவைகள் மாறி மாறிக் கூப்பிட்டன. நடுவே பதிவுக் கருவியில் காற்று உரசும் சத்தம். அதற்கும் அடியில், ரொம்ப அடியில், இன்னொன்று.

டொக் டொக். நிறுத்தம். டொக்.

அண்ணன் இரவு வேலை முடிந்து வரும்போது பின்கதவை அப்படித்தான் தட்டுவான். விரல் கணுவால், அப்பாவின் தூக்கம் கலையாமல். இரண்டு, நிறுத்தம், ஒன்று. அந்த வீட்டில் அவளுக்குத்தான் தூக்கம் லேசு. உள்ளேயிருந்து ஒரு முறை தட்டுவாள். கேட்டுவிட்டது, வருகிறேன் என்று அர்த்தம். பிறகுதான் தாழ்ப்பாளை விலக்கப் போவாள்.

அவள் கை மடங்கியது. விரல் கணு பாறையில் ஒரு முறை தட்டியது. அவள் தட்ட நினைக்கவில்லை. கைக்கு அது பழக்கம்.

பதிவில் ஓடிய தட்டல் நின்றது.

பறவைகள் மட்டும் கூப்பிட்டுக்கொண்டிருந்தன. அவள் துணியைப் பிழிந்தாள். ஏணியில் கால் வைத்தாள். அப்போது தட்டல் மறுபடி தொடங்கியது. வேகமாக. நிறுத்தம் இல்லாமல்.

வீட்டில் அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்தாள். தினமும் கேட்பதைக் கேட்டாள்.

“வந்துச்சா?”

“இல்ல, அண்ணி.”

பறவையைப் பற்றித்தான் கேள்வி. அவன் மேல் குப்பை விழாமல் இருக்குமா என்பது அதன் உள்ளே இருக்கும் கேள்வி. இருவரும் சாப்பிட்டார்கள். பின்கதவின் தாழ்ப்பாளை அண்ணி போடுவதே இல்லை. ஏன் என்று அவளும் கேட்டதில்லை. அன்று அவள் அந்தக் கதவைப் பார்த்தபடி படுத்திருந்தாள். அதிகாரி சொன்னதையே திரும்பத் திரும்ப நினைத்தாள். ஒரு நொடிதான். ஒரு நொடிக்குள் எத்தனை தடவை தட்ட முடியும்?

மறுநாள் பறவை சார் ஊரிலிருந்து திரும்பினார். திட்டைப் பார்க்கிற கேமராவின் படம் அவருடைய செல்லுக்கு வரும். சுவரில் வெள்ளைக் கோடுகள் வழிந்திருப்பதை வரும் வழியிலேயே பார்த்துவிட்டு, எச்சம், பறவைதான் வந்திருக்கிறது என்று பையைக்கூட வைக்காமல் ஏறினார். விரலால் தேய்த்து முகர்ந்தார். கல்தூள் என்று தெரிந்ததும் முகம் தொங்கிப்போனது. பறவைகளை யார் திருப்பியது என்று கேட்டார். தெரியாது என்றாள். அவரே ஸ்பேனரை வாங்கி எல்லாவற்றையும் வெளிப்பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டு இறங்கினார். கன்டெய்னர் அறையில் கார்டு மாற்றிய விஷயத்தை அவள் சொன்னாள்.

“அசலையா போட்ட? அதுல கீழ்ச்சத்தம் நிறைய இருக்கும்மா. டொக்கு டொக்குனு ஒண்ணு. அதெல்லாம் வெட்டி எடுத்துட்டுத்தான் நகல் பண்ணினேன்.”

“அது என்ன சத்தம், சார்?”

“தண்ணி எறைக்கிற மோட்டாரா இருக்கும். இல்லன்னா பாறை இறுகும்போது வர்ற சத்தம்.”

“எப்ப எடுத்த பதிவு?”

அவர் கை கழுவிக்கொண்டிருந்தார். “சரிவுக்கு அப்புறம். தேடறதை நிறுத்தினதுலேருந்து மூணு நாள் பாறை மேல உக்காந்து எடுத்தேன். மெஷின் இல்ல, லாரி இல்ல, ஆள் சத்தம் இல்ல. அப்படி ஒரு அமைதி எனக்கு அப்புறம் எங்கயுமே கிடைக்கல.” சொல்லும்போதே அவள் யாருடைய தங்கை என்பது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். குழாயை மூடாமல் அப்படியே நின்றார்.

“மூணு நாளும் கேட்டுச்சா, சார்?”

“எது?”

“டொக்கு டொக்கு.”

தண்ணீர் தொட்டியில் விழுந்துகொண்டே இருந்தது.

“கடைசி நாள் இல்ல” என்றார்.

அவர் நகல் கார்டை எடுத்து மேசை மேல் வைத்துவிட்டு, தலைவலி என்று சொல்லிக் கிளம்பினார். அவள் குழாயை மூடினாள். மார்புக்குள் கை விட்டுத் துழாவிப் பார்ப்பது போல, ஏதாவது வலிக்கிறதா என்று தேடிப் பார்த்தாள். இல்லை. ஒரு யோசனை மட்டும், குளிர்ந்த சாவி போல, உள்ளே கிடந்தது. அவனை வெளியே எடுக்க வேண்டும்.

கூலிங்கிளாஸ் குட்டையின் அந்தப் பக்கம் வண்டிச் சக்கரப் பட்டையில் ஒட்டிய மண்ணைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

“மாமா, அந்தப் பொந்து எங்க இருந்துச்சுன்னு தெரியுமா?”

“கண்ணைக் கட்டிவிட்டாலும் போவேன்” என்றார். எதற்கு என்று கேட்கவில்லை.

“தோண்டணும்.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். அவருடைய கண்களை அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை. சின்னக் கண்கள். அப்போதுதான் தூங்கி எழுந்தவருடையதைப் போல இருந்தன.

“காலைல வெளிச்சம் வந்ததும் வண்டியை எடுக்கிறேன், பாப்பா. மேட்டை மேலேர்ந்து கொஞ்சம் கொஞ்சமா வழிச்சா சுவரு தாங்கும். அன்னைக்கே சொன்னேன். இந்தத் தடவை யார் வந்து நிறுத்துன்னாலும் சாவியைத் திருப்ப மாட்டேன்.”

அவர் வீட்டுக்குப் போன பிறகு, அந்திக் குரல் தொடங்குவதற்கு முன், அவள் திட்டுக்கு ஏறினாள். கார்டைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டாள். ஒலிபெருக்கியின் ஒயரையும் கழற்றிவிட்டாள். இன்று ஓர் அந்தி குரல் இல்லாமல் போகட்டும். இறங்கிக் கரைக்கு வந்து, நாணலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

காற்று இல்லை. நாணல் அசையவில்லை. எதிர்ச் சுவரின் உச்சியில் வெயில் ஒரு கோடாக மெலிந்துகொண்டிருந்தது, ஆகாயம் இன்னும் வெளுப்பாக இருந்தது, குழிக்குள் மட்டும் நிழல் தண்ணீர் ஏறுவது போல அடியிலிருந்து ஏறிக்கொண்டிருந்தது. தேரை கத்தவில்லை. எதுவும் கத்தவில்லை. இப்படி ஓர் அமைதி எங்கேயும் கிடைக்கவில்லை என்று அவர் சொன்னது இதைத்தான் என்று நினைத்தாள்.

டொக் டொக். நிறுத்தம். டொக்.

கார்டு அவள் பையில் இருந்தது. பையைத் தொட்டுப் பார்த்தாள். இருந்தது.

சத்தம் மண்மேட்டுக்குள்ளிருந்து வந்தது. பிறகு அதற்கு மேலே, பாறைக்குள்ளிருந்து. பிறகு திட்டின் உயரத்தில். வீட்டின் பின்பக்கச் சந்தில் நடந்து வருகிறவனுடைய காலடி போல, ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் நெருங்கி.

அவள் எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்க வேண்டும் என்று கால்களுக்குத் தெரியவில்லை.

திட்டின் பின்சுவரில் ஒரு விரிசல் உண்டு. அதிலிருந்து தூள் வழிந்தது. சலித்த மாவு போல, சத்தமில்லாமல். திட்டில் விழுந்து குவிந்தது. குவிந்தது உயர்ந்தது. பொய்ப்பறவைகள் மறுபடி சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தன. எப்போது திரும்பின என்று அவள் பார்க்கவில்லை.

பறவைகளுக்கு இடையில் இடைவெளி இல்லை.

ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒருவர். குந்தி உட்கார்ந்து. முழங்காலைக் கட்டிக்கொண்டு. ஐந்து பேர். தாழ்ந்த கூரைக்கு அடியில் உட்கார்ந்து உட்கார்ந்து அப்படியே இறுகிப்போன முதுகுகள். உடம்பெல்லாம் வெள்ளை. மயிர் இல்லாத மண்டைகள். வாய்கள் திறந்திருந்தன. உள்ளே தூள்.

ஓரத்தில் இருந்தவன் வலது காலை மட்டும் கொஞ்சம் நீட்டியிருந்தான். சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து மடக்க முடியாமல் போன கால்.

அண்ணன்.

அவன் ஒலிபெருக்கியைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தான். ஒரு கை பாறையில் இருந்தது. கணு மடங்கியது. டொக் டொக். நிறுத்தம். டொக்.

ஒரு முறை தட்ட வேண்டும். கேட்டுவிட்டது, வருகிறேன். அவள் கரையில் ஒரு கல்லைத் தேடினாள். கை கிடைத்த கல்லை எடுத்தது.

அப்போது மேலே அந்தக் கரகரப்பு கேட்டது. ஒலிபெருக்கி இல்லை. ஆகாயம்.

கறுப்பாக, வளைந்த மூக்குகளோடு, அவை குழியின் வாயை ஒரு சுற்றுச் சுற்றின. ஒன்று, பிறகு சில, பிறகு நிறைய. சிறகுகளின் காற்று தண்ணீரில் பட்டது. பொய்ப்பறவைகளின் பக்கம் ஒன்றுகூட இறங்கவில்லை. வெள்ளை மண்டைகளின் மேல் இறங்கின. தோள்களில். முழங்கால்களில். பல நாள் பழகிய இடத்தில் உட்காருவது போல உட்கார்ந்து சிறகை மடித்துக்கொண்டன.

சட்டைப் பையில் செல் அடித்தது. பறவை சார். கேமராவில் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பாக்கிறியாம்மா? நீ எங்க இருந்தாலும் அப்படியே இரு. கிட்டப் போயிடாத.”

“சார், அங்க வேற என்ன தெரியுது?”

“பறவை தெரியுது. வேற என்ன வேணும்? ஒண்ணு குச்சி எடுத்துட்டு வந்திருக்கு பாரு. கூடு கட்டப் போகுதும்மா. நாளைக்கே வேலி போட்டுடறேன். குப்பை லாரி என்ன, ஒரு மண்வெட்டிகூட இனிமே அந்தப் பக்கம் வர முடியாது. யாராலயும் அந்தப் பாறையைத் தொட முடியாது. என்னிக்குமே.” அவர் அழுதுகொண்டிருந்தார் என்று தோன்றியது.

அவள் செல்லைக் காதிலிருந்து எடுத்தாள். மற்றக் கையில் கல் இருந்தது.

குச்சி கொண்டுவந்த பறவை அண்ணனின் தோளில் நின்றது. தலையைச் சாய்த்து அவன் வாயைப் பார்த்தது. அளவு சரியாக இருக்கிறதா என்பதுபோல் பார்த்தது. பிறகு குச்சியை உள்ளே வைத்து, அலகால் தட்டித் தட்டிப் பொருத்தியது. இன்னொன்று காய்ந்த நாணலைக் கொண்டுவந்து கொடுத்தது. தூள் கொஞ்சம் உதிர்ந்தது. அண்ணன் அசையவில்லை. கண்கள் அவள் மேலேயே இருந்தன. குச்சிகளுக்குக் கீழே, பாறையின் மேல், அவன் விரல் கணு மட்டும் மடங்கி மடங்கி, இரண்டு, நிறுத்தம், ஒன்று என்று தட்டிக்கொண்டே இருந்தது.